வழியில் வந்த சுதந்திர தினம்

ஒரு நாட்டின் தேசியத் திருநாளைக் காண விரும்புவோர் பெரும்பாலும் அந்நாட்டின் தலைநகரையே நாடிச் செல்வர். அங்கே படைகளின் அணிவகுப்பு உண்டு. தலைவர்களின் உரைகள் உண்டு. பீரங்கி முழக்கமும் வாணவேடிக்கையும் உண்டு. ஆனால் தலைநகரில் நிகழ்வது அரசு எடுக்கும் விழா. அது சிறப்பாகவே நடந்தேறும். அந்த நாளை மக்கள் தம்முடைய நாளாகக் கொண்டிருக்கின்றனரா என்பதை அங்கே நின்று அறிதல் எளிதன்று. அதனை அறிய வேண்டுமாயின், ஆயிரம் இரண்டாயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூருக்குச் செல்லவேண்டும். அங்கே அரசாங்கம் என்று சொல்லத்தக்கது தபாற் கந்தோர் ஒன்றும் ஒரு பாடசாலையும் மட்டுமே. விழா எடுப்பதாயின் ஊரார்தாம் எடுக்கவேண்டும்; எடாமல் விட்டாலும் கேட்பார் இல்லை.

அத்தகைய சிற்றூருக்குள் புகுவதற்குத் துவிச்சக்கர வண்டியை ஒத்த வாகனம் வேறில்லை. மோட்டார் வண்டியிற் செல்பவர் ஐந்து நிமிடத்தில் ஊரைக் கடந்துவிடுவார். ஊர் அவரை அறியாது. அவரும் ஊரை அறியார். துவிச்சக்கர வண்டியிற் செல்பவருக்கோ நீர் வேண்டும், உணவு வேண்டும், இரவு தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும். இவை அனைத்தையும் அவர் யாரிடமேனும் கேட்டே பெறவேண்டும். கேட்கும் நிலையிலிருப்பவருக்கே ஓர் ஊரின் உள்ளம் புலப்படும். ஆகவேதான், நெடுந்தூரப் பயணத்தின் நடுவே ஒரு சிற்றூரிற் கழிந்த தேசியத் திருநாளைப்பற்றி இன்று பேச எண்ணினேன். எடுத்துக்கொண்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. நாள் யூலை 4.

அந்த நாளின் வரலாறு யாவரும் அறிந்ததே. பிரித்தானிய ஆட்சியிலிருந்து பிரிவதென்று குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் 1776ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி பிலடெல்பியா நகரில் வாக்களித்தனர். அம்முடிவை உலகிற்கு அறிவிக்கும் பிரகடனத்தின் வாசகத்தை யூலை 4ஆந் திகதி ஏற்றுக்கொண்டனர். பின்னாளிற் குடியரசுத் தலைவரான ஜோன் அடம்ஸ், யூலை 3ஆந் திகதி தம் மனைவி அபிகெயிலுக்கு எழுதிய கடிதத்தில், வருங்காலத் தலைமுறையினர் யூலை 2ஆந் திகதியையே பெருநாளாகக் கொள்வர் என்றும், ஊர்வலம், விளையாட்டு, மணியோசை, வெடியோசை, தீப ஒளி என்பவற்றோடு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அதனைக் கொண்டாடுவர் என்றும் குறிப்பிட்டார். திகதி இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. கொண்டாடும் முறையைப்பற்றி அவர் எழுதியது ஏறக்குறைய அப்படியே நிறைவேறிற்று. அரசாங்கம் அதனைச் சட்டப்படி விடுமுறை நாளாக்கியது 1870ஆம் ஆண்டிலேதான். அதற்குள் ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் மக்கள் தாமாகவே அதனைக் கொண்டாடி வந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

இனி, இந்நாளிற் சிற்றூர் ஒன்றுக்குள் துவிச்சக்கர வண்டியிற் புகும் பயணி எதனைக் காண்கிறார்? முதலில் அவருக்குக் கிடைப்பது ஏமாற்றமே. கடை அடைத்திருக்கும். தபாற் கந்தோர் பூட்டியிருக்கும். நெடும்பயணம் செல்வோர் தமக்கு வேண்டிய உதிரிப் பாகங்களையும் கடிதங்களையும் வழியிலுள்ள ஊர்த் தபாற் கந்தோருக்கு அனுப்புவித்து, அங்கே சென்று பெற்றுக்கொள்வது வழக்கம். திருநாள் அவர்களை ஒரு நாள் காக்கவைத்துவிடுகிறது. கைப்பையில் எஞ்சிய ரொட்டித் துண்டோடு அவர் வீதியோரம் அமர்ந்திருக்கையில் ஊர் மெல்ல விழித்தெழுகிறது.

காலையிலே தீயணைப்பு நிலையத்தின் முன்றிலில் அவ்வூர்த் தொண்டர் படையினர் அடுப்பு மூட்டுவர். நம் தோசையைவிடத் தடித்த கோதுமை அப்பங்கள் தட்டுத் தட்டாக வெளிவரும். காசு கொடுப்போர் கொடுப்பர். அக்காசு தீயணைப்புக் குழாய் வாங்கவோ பாடசாலை வாத்தியக் குழுவுக்கோ உதவும். பின்னர் ஊர்வலம் புறப்படும். முன்னே போர்க்களம் கண்ட முதியோர் கொடியேந்தி வருவர். அவர்களுக்குப் பின்னே பாடசாலைப் பிள்ளைகளின் வாத்தியம், அதன் பின்னே தீயணைப்பு வண்டி, அதன் பின்னே கமக்காரரின் உழவு இயந்திரங்கள், குதிரைகள், சக்கரக் கம்பிகளுக்கிடையே சிவப்பு, வெள்ளை, நீலக் கடதாசி சுற்றிய சிறுவர்களின் துவிச்சக்கர வண்டிகள். ஊர்வலத்திற் செல்வோர் வீதியோரத்துப் பிள்ளைகளுக்கு இனிப்புகளை வீசிச் செல்வர். மிகச் சிறிய ஊர்களில் வீதி மிகக் குறுகிய தூரமே ஆதலால், பார்ப்போருக்குப் போதவில்லை என்று ஊர்வலம் திரும்பி மீண்டும் ஒரு முறை வருவதும் உண்டு.

நண்பகலிற் பூங்காவில் மரநிழலின் கீழ் அவரவர் வீட்டிற் சமைத்தவற்றைக் கொண்டுவந்து ஒரே மேசையிற் பரப்பி எல்லோரும் கூடி உண்பர். வத்தகைப்பழமும் தேசிக்காய்ப் பானமும் அங்கே தவறாது இருக்கும். இந்த மேசைதான் நம் பயணியைப் பொறுத்தவரை முக்கியமானது. அவர் எதையும் சமைத்துக் கொண்டுவந்தவரல்லர். அவர் பெயர் ஊரார் எவருக்கும் தெரியாது. அவருடைய உடையில் மூன்று நாள் வியர்வையும் தூசும் படிந்திருக்கும். அவரை அழைத்து ஒரு தட்டைக் கையிற் கொடுக்கிறார்களா, இல்லையா? அந்த ஊர் தன் சுதந்திரத்தை எவ்வாறு விளங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த உரைகல்லை நான் அறியேன்.

வழிப்பயணிகள் இத்திருநாளை நடுவழியிற் கொண்டாடுவது அந்நாட்டிற் புதியதும் அன்று. வயோமிங் மாநிலத்தில் சுவீட்வோட்டர் ஆற்றங்கரையோரம் திறந்த வெளியில் ஒரு பெரும் கருங்கற் குன்று கிடக்கிறது. அதற்குச் சுதந்திரப் பாறை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த மக்கள் யூலை 4ஆந் திகதிக்குள் அப்பாறையை அடைந்துவிடவேண்டும் என்று கணக்கிட்டே பயணஞ் செய்தனர். அதற்குப் பிந்தினால், மேற்கு மலைகளைக் கடக்குமுன் பனி வீழத் தொடங்கிவிடும். எனவே அங்கே அவர்கள் அந்நாளைக் கொண்டாடியபோது இரண்டு மகிழ்ச்சிகள் ஒன்றாயின. ஒன்று நாட்டின் பிறந்தநாள். மற்றொன்று தாம் உயிருடன் ஊர்போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கை. பாறையின்மேல் ஏறித் தம் பெயர்களைப் பொறித்தனர்; தார் கொண்டும் எழுதினர். அவற்றிற் பல இன்றும் படிக்கக்கூடியனவாய் உள்ளன.

அப்பாறை உள்ள மாநிலத்தின் ஊடாகவே இன்றைய துவிச்சக்கர வண்டிப் பயணிகளின் பெருவழி செல்கிறது. 1972ஆம் ஆண்டில் அலாஸ்காவிலிருந்து ஆர்ஜென்டீனாவை நோக்கித் துவிச்சக்கர வண்டியிற் புறப்பட்ட கிரெக் சிப்பிள், யூன் சிப்பிள், டான் பேர்டன், லிஸ் பேர்டன் என்னும் நால்வரின் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது. 1976ஆம் ஆண்டு நாட்டின் இருநூறாவது பிறந்தநாள். அவ்வாண்டிற் பல்லாயிரம் பேர் கூடித் துவிச்சக்கர வண்டியில் நாட்டைக் கடந்தால் என்ன? அவ்வெண்ணம் நிறைவேறிற்று. பசிபிக் கரையிலுள்ள ஒறிகன் மாநிலத்திலிருந்து அத்திலாந்திக் கரையிலுள்ள வேர்ஜினியா மாநிலம்வரை ஏறக்குறைய 4,250 மைல் நீளமான வழி வகுக்கப்பட்டது. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 270 மைல். அத்தூரத்தைப் பதினைந்து முறை கடந்தாலும் இவ்வழி முடிவுறாது. அவ்வாண்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இதிற் பங்குகொண்டனர். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் முழுத்தூரத்தையும் கடந்தனர்.

வழியை வகுத்தோர் பெருநகரங்களை வேண்டுமென்றே விலக்கினர். சிற்றூர்களையும் கிளை வீதிகளையும் நாடினர். பயணிகள் பாடசாலை மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பூங்காக்களிலும் துயின்றனர். அவ்வாண்டு யூலை 4ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிலர் மேற்கிலிருந்து கிழக்காகவும் சிலர் கிழக்கிலிருந்து மேற்காகவும் சென்றுகொண்டிருந்தமையால், அவ்வழியிலுள்ள எத்தனையோ ஊர்களில் அவர்கள் சிதறிக் கிடந்தனர். நாட்டின் இருநூறாவது பிறந்தநாளை அவர்கள் தலைநகரிற் காணவில்லை. பெயர்கூடப் பலரும் கேட்டறியாத ஊர்களின் பூங்காக்களிலே கண்டனர்.

அந்த இயக்கத்தின் தலைமையகம் மொன்டானா மாநிலத்திலுள்ள மிசூலா என்னும் நகரில் அமைந்தது. இந்நகரின் பெயரைக் கூறியதும் என் எண்ணம் வேறொரு பயணத்தின்பாற் செல்கிறது. அதனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது.

1897ஆம் ஆண்டு யூன் 14ஆந் திகதி, இதே மிசூலாவின் அருகிலுள்ள படைமுகாமிலிருந்து இருபது சிப்பாய்கள் துவிச்சக்கர வண்டியிற் புறப்பட்டனர். அவர்கள் அமெரிக்க இராணுவத்தின் இருபத்தைந்தாவது காலாட்படையைச் சேர்ந்தவர்கள். அப்படையின் சிப்பாய்கள் யாவரும் கறுப்பினத்தவர், உத்தியோகத்தர்களோ வெள்ளையர். குதிரைக்குப் பதிலாகத் துவிச்சக்கர வண்டி போருக்கு உதவுமா என்பதைச் சோதிப்பதே பயணத்தின் நோக்கம். அதற்குத் தீனி வேண்டாம். கனைத்துப் பகைவருக்குக் காட்டிக்கொடுக்கவும் மாட்டாது. தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் ஜேம்ஸ் மொஸ். கெனடி என்ற வைத்தியரும் எட்வர்ட் பூஸ் என்ற இளம் பத்திரிகை நிருபரும் உடன் சென்றனர். இலக்கு, 1,900 மைலுக்கு அப்பாலுள்ள செயின்ற் லூயிஸ் நகரம்.

கூடாரம், கம்பளி, உணவு, துப்பாக்கி, தோட்டா எல்லாவற்றையும் ஏற்றிய வண்டி ஒன்று ஏறக்குறைய அறுபது இறாத்தல் நிறையுடையதாயிருந்தது. தொடக்கத்திலே மழையும் சேறும், மலைமுகட்டிற் பனி. பாதை இல்லாத இடங்களிலே தண்டவாளத்தின் சிலிப்பர்க் கட்டைகளின்மேல் வண்டியை ஓட்டியும் தள்ளியும் சென்றனர். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளிலே வெயிலும் உவர்நீரும் அவர்களை வாட்டின. இவ்வளவுக்கும் பின்னர், 41 நாளிற் செயின்ற் லூயிசை அடைந்தனர். ஓய்ந்திருந்த நாள்களைக் கழித்தால் நாளொன்றுக்குச் சராசரி ஐம்பது மைலுக்கு மேல்.

யூன் 14இற் புறப்பட்டு யூலை 24இற் சென்றடைந்த பயணத்தில் யூலை 4 நடுவழியிலே வருகிறது. அவ்வாண்டும் அது ஞாயிற்றுக்கிழமையே. யூலை மாதத்தின் முற்பகுதியில் அவர்கள் வயோமிங்கைக் கடந்து நெப்ராஸ்காவுக்குள் இருந்தனர். கொடி கட்டிய சிற்றூர்களின் ஊடாக, அந்நாட்டு இராணுவ உடை அணிந்த இருபது கறுப்பின மனிதர் வண்டியிற் செல்லும் காட்சியைச் சிந்தித்துப் பாருங்கள். அவர்களை வெறும் வழிப்பயணிகள் என்று சொல்ல முடியாது. அந்தக் கொடியைக் காக்கச் சத்தியஞ் செய்தவர்கள் அவர்கள். ஆயினும் அதற்கு முந்திய ஆண்டில், 1896இல், புகையிரதத்தில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு வேறொரு பெட்டி என்று பிரித்துவைப்பது சட்டத்துக்கு உடன்பாடே என அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பொது மேசையில் அவர்களுக்குத் தட்டு உண்டா என்ற கேள்விக்கு நாட்டின் சட்டமே இல்லை என்று சொல்லக்கூடிய காலம் அது.

இந்த முரண்பாட்டை அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எடுத்துரைத்திருந்தார். அடிமையாய்ப் பிறந்து தப்பியோடி, தம் முயற்சியாற் கல்வி கற்று, அந்நூற்றாண்டின் பெரும் பேச்சாளருள் ஒருவராய் விளங்கிய பிரெடரிக் டக்ளஸ் என்பவரே அவர். 1852ஆம் ஆண்டில் றொச்செஸ்டர் நகரில் சுதந்திர தின உரையாற்ற அவரை அழைத்தனர். அவர் யூலை 4ஆந் திகதியன்று பேச உடன்படவில்லை. 5ஆந் திகதியே பேசினார். அடிமைப்பட்டோருக்கு இத்திருநாளில் என்ன பங்கு உண்டு என்று அவையோரை நோக்கி அவர் கேட்ட கேள்வி இன்றும் அந்நாட்டில் அந்நாள் வரும்போதெல்லாம் நினைவுகூரப்படுகிறது. நியூயோர்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி முற்றாக ஒழிந்தபோதும், அங்கிருந்த கறுப்பின மக்களிற் பலர் தம் ஊர்வலத்தை மறுநாளான 5ஆந் திகதியே நடத்தினர். பிறர் திருநாளிலே வீதியில் இறங்கினால் அடிவிழும் என்ற அச்சமும், தமக்கு முழுதும் உரியதாகாத நாளை எப்படிக் கொண்டாடுவது என்ற தயக்கமும் அதற்குக் காரணங்களாயின.

துவிச்சக்கர வண்டிப் படையினரின் பின்வரலாறும் இதற்கொரு சான்று. அடுத்த ஆண்டே அவர்களது படை கியூபாவிலே போரிட்டது. 1906ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் என்னும் ஊரில் நள்ளிரவிற் சிலர் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். அவ்வூரார் அங்கு முகாமிட்டிருந்த இருபத்தைந்தாவது படையினர்மீது பழி சுமத்தினர். விசாரணை மன்றம் கூடவில்லை. குற்றம் எவர்மீதும் நிறுவப்படவில்லை. ஆயினும் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட்டின் கட்டளையால் 167 பேர் மதிப்பிழந்து படையிலிருந்து நீக்கப்பட்டனர். 1897ஆம் ஆண்டில் வண்டியிற் சென்ற சார்ஜன்ட் மிங்கோ சாண்டர்ஸ் அவருள் ஒருவர். கால் நூற்றாண்டு சேவை செய்து, ஓய்வூதியம் பெறும் காலத்தை நெருங்கியிருந்த அவர் வெறுங்கையோடு வீடு சென்றார். 1972ஆம் ஆண்டில் இராணுவம் அத்தீர்ப்பைத் திருத்தி, அவர்கள் யாவரும் மதிப்புடன் விலகியவர்களே என அறிவித்தது. சாண்டர்ஸ் இறந்து அப்போது 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1974ஆம் ஆண்டில் மொன்டானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் அந்த 1,900 மைல் வழியே மீண்டும் துவிச்சக்கர வண்டியிற் சென்று அவர்களை நினைவுகூர்ந்தனர்.

மிசூலாவிலிருந்து வடக்கே, ஒரு நாளிற் சென்று திரும்பக்கூடிய தொலைவில், ஆர்லி என்னும் சிற்றூர் உண்டு. அது சேலிஷ், கூட்டெனை என்னும் ஆதிக்குடி மக்களின் ஒதுக்கு நிலத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதிக்குடிகளின் ஆடல்களையும் சடங்குகளையும் அரசாங்கம் தடைசெய்திருந்தது. ஆனால் யூலை 4 அரசாங்கமே கொண்டாடச் சொல்லும் நாளாயிற்றே! நாட்டுப்பற்றைக் காட்டும் விழா என்றால் அதிகாரிகள் எவ்வாறு மறுக்க இயலும்? ஆகவே, பல ஒதுக்கு நிலங்களில் மக்கள் அந்நாளைத் தம் பழைய ஆடல்களுக்குரிய நாளாக்கிக் கொண்டனர். ஆர்லியிலும் 1890களின் இறுதியிலிருந்து யூலை 4ஐ ஒட்டிய நாள்களிற் பறை முழங்கி ஆடும் பெருவிழா நடைபெற்று வருகிறது. அம்மக்களெல்லோரும் அந்நாட்டின் குடிமக்களென்று சட்டம் ஏற்றது 1924ஆம் ஆண்டிலேதான். குடியுரிமை கிடைப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, குடியரசின் திருநாளை அவர்கள் தம் முன்னோரைக் காக்கும் கருவியாக்கிக் கொண்டனர். இன்று ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணி அங்கே போய்ச் சேர்வாராயின், அவர் கேட்பது பாடசாலை வாத்தியத்தையன்று. பெரும் பறையைச் சுற்றி அமர்ந்தோரின் பாடலையே கேட்பார். அதுவும் யூலை 4தான்.

நேயர்களே, இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஒரு தேசியத் திருநாள் பிறக்கும்போதே முழுமையுடையதாய்ப் பிறப்பதில்லை. மனிதர் யாவரும் சமம் என்று 1776இல் எழுதிய தோமஸ் ஜெபர்சன் தாமே அடிமைகளை உடையவராயிருந்தார். எழுத்து முன்னே வந்தது. அதன் பொருள் ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் வெவ்வேறு காலத்திலே வந்துசேர்ந்தது. டெக்சஸ் மாநிலத்து அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி எட்டிய 1865ஆம் ஆண்டு யூன் 19ஆந் திகதியின் நினைவுநாள் 2021ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான விடுமுறை நாளாயிற்று. யூன், யூலை மாதங்களிலே நாட்டைக் கடக்கும் பயணி இப்போது பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு விடுதலைத் திருநாள்களைச் சந்திக்கிறார். முதல் திருநாள் விட்டுவைத்த குறையை இரண்டாவது நினைவூட்டுகிறது. குறையை ஒப்புக்கொள்வதால் ஒரு திருநாளின் பெருமை குன்றுவதில்லை. அதனைக் கொண்டாடுவோரின் தொகைதான் பெருகுகிறது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய பாடம் என்று நான் கருதவில்லை. 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி நம் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டங்களில் உழைத்த மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதோராயினர். அவர்களுள் எஞ்சியோருக்கும் அது கிடைப்பதற்கு இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. திருநாள் ஒன்று எவர் வீட்டு வாசலுக்கு எத்தனை ஆண்டு பிந்தி வந்தது என்று கணக்கெடுக்கும் கடமை எல்லா நாட்டாருக்கும் உண்டு.

அக்கணக்கை எடுக்கப் பெரிய ஆய்வுகள் வேண்டியதில்லை. ஊர்ப் பூங்காவின் மேசையையும், அங்கே வந்துசேரும் அயலாரையும் கவனித்தாற் போதும். கொடியும் வாத்தியமும் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். வேர்த்துக் களைத்து வாசலில் வந்து நிற்பவருக்கு, அவர் யார், எவ்வினத்தவர், எந்நாட்டவர் என்று கேளாமல் ஒரு தட்டும் ஒரு கோப்பை நீரும் கொடுக்கும் ஊரில் அத்திருநாள் உயிரோடிருக்கிறது. கொடுக்காத ஊரில், எத்தனை வாணங்கள் வெடித்தாலும், அது இன்னும் வழியிலேதான் வந்துகொண்டிருக்கிறது.